10 அடி கம்பி வலையில் பட்ஜிகளுக்கு ஒரு கூண்டு

என்னிடம் இருப்பவை இரண்டு பட்ஜிகள். லவ் பேர்ட்ஸ் என்று பலரும் சொல்கிற அதே சின்னக் கிளிகள். அவற்றோடு வந்த கூண்டு உயரமாக, குறுகலாக இருந்தது. இரண்டு மாதம் பார்த்த பிறகுதான் உறைத்தது, இவை அதற்குள் பறக்கவே இல்லை. ஒரு குச்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன, அவ்வளவுதான். பட்ஜி பக்கவாட்டில் பறக்கிற பறவை. அதற்கு உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். நீளமான கூண்டின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

முதல் யோசனை மரச்சட்டம். வீட்டில் பழைய ஜன்னல் கட்டைகள் கிடந்தன, செலவே இல்லை. ஆனால் அதில் பழைய பெயின்ட் இருந்தது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பட்ஜியோ வாய்க்கு எட்டிய மரத்தையெல்லாம் கொறிக்கும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் சட்டமே தேவையில்லை என்று தோன்றியது. வெல்ட் மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைப் பற்றவைத்த வலை, மடக்கினால் அதுவே விறைப்பாக நிற்கும். நான் முடிவு செய்த அளவு 36 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 24 அங்குல உயரம். வலைச் சுருளின் அகலம் 3 அடி, அதாவது கூண்டின் நீளமேதான். முன்பக்கம் 24, கூரை 18, பின்பக்கம் 24, தரை 18. கூட்டினால் 84 அங்குலம், சரியாக 7 அடி. இதை ஒரே துண்டாக வெட்டி மூன்று இடத்தில் மடக்கினால் நான்கு பக்கமும் முடிந்தது, ஒரு விளிம்பை மட்டும் இணைத்தால் போதும். இன்னொரு 2 அடியை நடுவில் வெட்டினால் இரண்டு பக்கவாட்டுச் சுவர்கள். கதவுக்கு ஒரு அடி. மொத்தம் 10 அடி, வீணாவது மிகக் கொஞ்சம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வலைக்கண் அரை அங்குலம். ஒரு அங்குலக் கண் வலை மலிவுதான், ஆனால் அதில் பட்ஜியின் தலை நுழைந்துவிடும். இதில் மட்டும் காசைப் பார்க்கக் கூடாது.

மடக்குவது நினைத்ததைவிட எளிது. மடங்க வேண்டிய கோட்டில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் ஏறி நின்று, மறுபாதியை மெதுவாகத் தூக்கினேன். வெட்டுவதுதான் சிரமம். முதல் துண்டை வலைக்கண்ணின் நடுவில் வெட்டியதால் விளிம்பெல்லாம் முள் முள்ளாக நின்றது, விரலிலும் கிழித்தது. பறவையின் கால் அங்கே மாட்டினால் என்ன ஆகும்! அதன்பிறகு குறுக்குக் கம்பியை ஒட்டியே வெட்டினேன், மிஞ்சிய முனைகளை அரத்தால் தேய்த்தேன். இதற்கே ஒரு முழு நாள் போனது.

இணைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்த வலையின்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். பட்ஜி கம்பியைக் கடித்துக்கொண்டே ஏறும், உதிரும் துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் விஷம். வெள்ளைப் பொடியும் சின்னச் சின்னத் திரட்டுகளும் கண்ணுக்கே தெரிந்தன. திரட்டுகளை அரத்தால் எடுத்துவிட்டு, வினிகர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன், நிறையத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தேன். ஆபத்து முழுக்கப் போய்விடாது, குறையும். பூச்சு உரிகிறதா என்று இப்போதும் அடிக்கடி பார்க்கிறேன்.

ஓரங்களை வளையக் கிளிப்புகளால் இணைத்தேன். கதவுக்கு 6 அங்குலச் சதுரத் துளை, அதை மூட 7 அங்குலத் துண்டு. மேலே தூக்கித் திறக்கும் கதவு வேண்டாம் என்று முன்பே நினைத்திருந்தேன், பட்ஜி அதை மூக்காலேயே தூக்கும், கழுத்தில் விழுந்தாலும் ஆபத்து. என் கதவு பக்கவாட்டில், வெளிப்பக்கமாகத் திறக்கும். கீழே ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டு, அதில் செய்தித்தாள்.

உட்காரக் கொய்யாக் கிளைகள். மருந்து அடிக்காத மரத்தில் வெட்டி, கழுவிக் காயவைத்தவை. ஒரு சென்டிமீட்டர் தடிமனும் உண்டு, இரண்டும் உண்டு. எல்லாம் ஒரே அளவாக, வழவழப்பாக இருந்தால் பாதத்தின் ஒரே இடத்தில் எடை அழுந்திப் புண்ணாகும்.

குடிமாற்றத்துக்கு அவற்றைக் கையால் பிடிக்க மனம் வரவில்லை. இரண்டு கூண்டின் கதவுகளையும் ஒட்டிவைத்துத் திறந்துவிட்டேன். இரண்டு நாள் எட்டிப்பார்த்ததோடு சரி. மூன்றாம் நாள் காலையில் பெண் பறவை முதலில் போனது, கொய்யாப் பட்டையைக் கொஞ்சம் உரித்தது, பிறகு ஒரே வீச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்தது. இறகடிக்கும் சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே ஒரு கிளை இருக்கிறது, எச்சம் விழுகிறது. நாளைக்கு அதை மாற்ற வேண்டும்.