யூனிட் மாறும்போது வாங்கவேண்டிய 11 கையெழுத்துகள்

ராணுவத்தில் வேறு யூனிட்டுக்கு இடமாற்ற உத்தரவோடு ஒரு தாளையும் கொடுத்தார்கள். அதில் 11 கட்டங்கள். ஆயுதக் கிடங்கு, கிட் ஸ்டோர், சிக்னல் ஸ்டோர், மருத்துவ அறை, நூலகம், மெஸ், சம்பளப் பிரிவு என்று நீளும். 'இவரிடமிருந்து எங்களுக்கு வரவேண்டியது எதுவுமில்லை' என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடவேண்டும். அத்தனையும் நிரம்பினால்தான் வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ஏறலாம். கையில் இருந்தது மூன்று நாள்.

செவ்வாய் முழுக்க ஆயுதக் கிடங்கிலேயே போனது. இரவெல்லாம் துடைத்து எண்ணெய் போட்ட துப்பாக்கிதான். போல்ட்டுக்குள் வெள்ளைத் துணியை விட்டுப் பார்த்தவர், கரி ஒட்டியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி துடைத்துக்கொண்டு போனால் சன்னல் சாத்தியிருந்தது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்து அதைத் தூக்கப்போகிறவன் உயிர் அதில் இருக்கிறது. காத்துக் கிடப்பதுதான் ஆளைக் கொல்கிறது. வரிசையில் நிற்பவனுக்குப் பரேடிலிருந்தும் விலக்கில்லை, இரவுக் காவலும் உண்டு.

புதன்கிழமை கிட் ஸ்டோர். ஹெல்மெட், வாயு முகமூடி, தூக்கப்பை எல்லாம் சரியாக வந்தன. தரையில் விரிக்கும் கிரவுண்ட் ஷீட் மட்டும் அவர்கள் கணக்கு அட்டையில் இரண்டு, என்னிடம் ஒன்று. போன பயிற்சியில், கொட்டும் மழையில், ஒன்றை லாரியிலேயே ஒப்படைத்திருந்தேன். ரசீது வாங்கவில்லை.

"அட்டையில இருந்தா உங்கிட்ட இருக்குன்னுதான் கணக்கு, தம்பி. தொலைச்சிட்டேன்னு எழுதிக் குடு, சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க."

பெரிய தொகை இல்லை. பலர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் தொலைக்காத பொருளைத் தொலைத்தேன் என்று என் கையால் எழுத மனம் வரவில்லை. வருடக்கணக்கில் என் சொல்லை நம்பிக் காவலுக்கு நிறுத்தியவர்கள், ஒரு விரிப்புக்கு அதை நம்பவில்லை என்பதுதான் வலித்தது.

அன்றிரவு, லாரியில் சாமான்களை வாங்கிப் போட்ட நண்பனைத் தேடிப் போனேன். அவன் நோட்டில் என் எண்ணும் 'கி.ஷீட் 1' என்பதும் நனைந்த எழுத்தில் இருந்தன. மறுநாள் அதைக் காட்டியதும் ஸ்டோர்காரர் அந்த வரியை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தத் தாளோடு அலையப்போகிறவர்கள் மருத்துவ அறையிலிருந்து தொடங்குங்கள். தடுப்பூசிப் பதிவும் காது பரிசோதனையும் அங்கேதான் இழுக்கும். சம்பளப் பிரிவு கடைசி. பிடித்தம் ஏதும் இருக்கிறதா என்று மற்றவர்கள் சொன்ன பிறகே அவர்கள் கணக்கை மூடுவார்கள். முகாமுக்குள் போனில் படம் எடுக்க முடியாத இடங்கள் உண்டு. அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, எதைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்குபவரிடம் அதிலேயே ஒப்பம் வாங்கிவிடுங்கள். மழை பெய்தாலும்.

பதினோராவது கையெழுத்து வியாழன் மாலை கிடைத்தது.

புது யூனிட்டில் முதல் நாளே கிட் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் எண்ணி, அட்டையோடு ஒப்பிட்ட பிறகே ஒப்பமிட்டேன். பின்னால் வரிசை முணுமுணுத்துக்கொண்டே நின்றது.