பெருச்சாளி பிடிக்கும் மிளகு: எங்கள் ஜாக் ரஸ்ஸல் டெரியர்

பிள்ளைகள் கேட்டது பக் இன நாய்க்குட்டி. வெயிலில் அந்தச் சப்பை மூக்கு படும் பாட்டை எதிர்வீட்டில் பார்த்திருந்ததால் வேண்டாம் என்றோம். லாப்ரடாரை இழுத்துப் பிடிக்க மூத்தவளுக்குத் தெம்பு போதாது. கடைசியில் ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்று முடிவானது. 25 முதல் 30 செ.மீ. உயரம், ஐந்தாறு கிலோ எடை, குட்டை முடி.

கால்நடை மருத்துவர் எடுத்தவுடன், "காலையில யாருங்க நடக்கக் கூட்டிட்டுப் போவீங்க? சாயந்திரம் யாரு?" என்றார். பதில் சொன்ன பிறகுதான் மேற்கொண்டு பேசினார். இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல் நரி வேட்டைக்கென வளர்த்தெடுத்த வகை இது. நரி பதுங்கிய வளைக்குள் இறங்கி, குரைத்தே அதை வெளியேற்றுவதுதான் வேலை. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரு கைகளால் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும் என்று இந்த இனத்துக்கு இலக்கணமே உண்டு. வளைக்குள் நுழைய வேண்டுமல்லவா? மடியில் கிடக்கிற சாதி என்று நம்பி வாங்கினால் வீடு தாங்காது.

தாயைக் காட்ட மறுத்த ஓரிடத்திலிருந்து குட்டியைத் தொடாமலே திரும்பினோம். இந்த இனத்தில் கண் லென்ஸ் இடம் நழுவும் பரம்பரை நோய் உண்டு. பெற்றோருக்கு மரபணுச் சோதனை செய்த அறிக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது. எங்கள் செருப்பைக் கவ்வி ஓடிய குட்டிதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. நான் எடுத்தது, வந்து மோந்து பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்கு விளையாடப் போனதை. அதுதான் மிளகு.

சாதுக் குட்டியே இப்படி! கறிவேப்பிலைச் செடியின் வேர் வரைக்கும் தோண்டிவிட்டது. அதட்டுவதில் பயனில்லை. தோட்டத்து மூலையில் மணல் கொட்டி அதற்குள் பந்தைப் புதைத்து வைத்தோம். அங்கே தோண்டினால் ஏதாவது கிடைக்கும் என்று தெரிந்ததும் செடிகள் தப்பின, பெரும்பாலும். நடை மட்டும் இதற்குப் போதாது. சாப்பாட்டில் பாதியைப் பழைய துண்டில் சுருட்டியும் தேங்காய் மட்டைகளுக்கு நடுவே ஒளித்தும் வைக்கிறோம். மோப்பம் பிடித்துத் தேடித் தின்ற பிறகு அசந்து தூங்குகிறது.

"நாய்க்கென்ன தனிச் சமையல், குழம்புச் சோத்தை ஊத்துனாப் போச்சு" என்றார் அத்தை. சின்ன வெங்காயம் போடாத குழம்பு எங்கள் வீட்டில் ஏது? வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று மருத்துவர் சொன்னார். இப்போது இளையவன் சோற்றைச் சிந்தினால் முதல் அதட்டல் அத்தையுடையது.

ஒரு வயது ஆவதற்குள் பெருச்சாளியைக் கொன்று வாசலில் போட்டது. தெருவே பாராட்டியது. எனக்குக் கவலை எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரிலிருந்து நாய்க்கும், நாயிடமிருந்து நமக்கும் தொற்றலாம். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை வருஷா வருஷம் தவறாமல் போடுகிறோம். பக்கத்து வீட்டில் எலிமருந்து வைக்காமல் பொறி வைக்கக் கேட்டுக்கொண்டோம். மருந்து தின்ற எலியைக் கடித்தாலும் ஆபத்துதான். பாம்பைக் கண்டாலும் பின்வாங்காத பிறவி என்பதால் இருட்டிய பிறகு தோட்டத்தில் தனியே விடுவதில்லை. கேட்டுக்கு அடியில் கம்பிவலையை மண்ணுக்குள் இறக்கிப் பதித்திருக்கிறோம். அணிலைப் பார்த்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. ரோட்டில் கயிற்றைக் கழற்றுவதே இல்லை.

இளையவன் அதன் வாயிலிருந்து பந்தைப் பிடுங்கப் போய் உறுமல் வாங்கினான். பிடுங்காமல் ஒரு துண்டு கோழிக்கறி நீட்டினால் தானே பந்தைப் போட்டுவிடும் என்று பழக்கினோம். நாயைவிட அவனைப் பழக்கத்தான் நாளானது.

தெரிந்தவர்கள் குட்டி கேட்கிறார்கள். மிளகுக்குக் கருத்தடை செய்தாயிற்று. வேறெங்காவது பார்த்துச் சொல்லுங்கள் என்பவர்களிடம் நானும் மருத்துவர் கேட்டதையே கேட்கிறேன். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், பகலெல்லாம் ஃப்ளாட் பூட்டிக் கிடக்கும் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்.