பேனா கெட்டுப்போகவில்லை, முக்கோணத்தைப் பாருங்கள்

கணினியில் வரைய உதவும் பென் டேப்லெட்டில் பிரஷர் (பேனாவை அழுத்துவதற்கேற்பக் கோடு தடிப்பது) வரவில்லை என்றால் நேராகச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அலைச்சல்தான் மிச்சம்.

மயிலாப்பூரில் நடக்கும் ஒரு சிறுவர் கதைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்தாக வேண்டிய புத்தகம். பாதியில் பழைய டேப்லெட் மண்டையைப் போட்டுவிட்டது. புதிது வாங்கி மாட்டினேன். கோடு வருகிறது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமன். வாங்கிய கடையில் பில்லைக்கூடப் பார்க்கவில்லை. "பேனா போயிருக்கும்ணே, புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார் கடைக்காரர். பிரித்த அன்றே பேனா எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, சர்வீஸ் சென்டர் நம்பரை எழுதி நீட்டினார். அங்கே ரொம்ப நேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு கிடைத்த பதில், "விண்டோஸை ஃபார்மேட் பண்ணிடுங்க சார்." பதிப்பாளர் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்கிற யோசனையா இது?

விஷயத்தை, நான் வரையும் மென்பொருளான ஃபோட்டோஷாப்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எஃப்5 அழுத்தி பிரஷ் செட்டிங்ஸ் பேனலைத் திறந்து, ஷேப் டைனமிக்ஸில் 'கன்ட்ரோல்' என்பதில் பென் பிரஷரைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் சின்ன முக்கோணத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி வருகிறதா? பேனாவால் ஒரு கோடு இழுத்த பிறகும் அது போகவில்லை என்றால், பிரஷர் மென்பொருளுக்கு வந்தே சேரவில்லை. கோளாறு பெரும்பாலும், டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளில்தான் இருக்கும்.

என் கணினியில் பழைய டேப்லெட்டின் டிரைவர் இன்னும் உள்ளேயே குடியிருந்தது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன. இரண்டையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, புதியதை மட்டும் போட்டேன். டேப்லெட்டின் செட்டிங்கில் 'விண்டோஸ் இங்க்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸில் ஃபோட்டோஷாப் வழக்கமாக அந்த வழியாகத்தான் பிரஷரை வாங்குகிறது. முக்கோணம் மறைந்தது. பேனாவை லேசாக வைத்தால் முடி கனத்துக்குக் கோடு, அழுத்தினால் விரல் கனம். கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியாண்ணே" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வயிற்றெரிச்சல், காசு கொடுத்து இறக்கிய பிரஷ் பேக், அதாவது ஃபோட்டோஷாப்பில் போட்டுக்கொள்ளும் பிரஷ்களின் தொகுப்பு. நூற்றுக்கணக்கில் பிரஷ், கவர்ச்சியான பெயர்கள். பல பிரஷ்களின் முனை (ஒரு தடவை ஒற்றினால் விழும் அச்சு) 200, 300 பிக்சல்தான். அச்சுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 பக்கம் என்றால் 2480-க்கு 3508 பிக்சல். படத்தில் ஒரு சுவர் முழுக்கப் பூச அந்தப் பிரஷ்ஷைப் பெரிதாக்கினால் எல்லாம் கொழகொழ. டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தர மாட்டார்களாம். வாங்குமுன் முனையின் பிக்சல் அளவைக் கேளுங்கள். ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் சந்தா இருந்தால் ஓவியர் கைல் வெப்ஸ்டரின் பிரஷ்கள் தனிக்காசு இல்லாமலே கிடைக்கின்றன. 2017-இல் அடோபி அவற்றை வாங்கிக்கொண்டது. பிரஷ் பேனல் மெனுவில் 'கெட் மோர் பிரஷஸ்' என்று இருக்கும்.

எனக்கு வேண்டியதோ காரை பெயர்ந்த பழைய மயிலாப்பூர் வீட்டுச் சுவர். அது எந்தப் பேக்கிலும் இல்லை. தேங்காய் நாரைக் கருப்பு இங்கில் தோய்த்து வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்தேன். திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து தரச் சொன்னால், பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அது நசுக்கிய படம், பிசிறெல்லாம் போச்சு. பென் டிரைவில் வாங்க இன்னொரு நடை. நல்ல ஸ்கேனிலும் ஒரு கண்ணி உண்டு. பிரஷ் முனையில் கறுப்பு என்றால் முழு மை, வெள்ளை என்றால் வெறுமை, சாம்பல் என்றால் அரைகுறை மை. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் தாள் ஸ்கேனில் லேசான சாம்பல். அப்படியே 'டிஃபைன் பிரஷ் பிரீசெட்' (படத்தைப் பிரஷ்ஷாக்கும் கட்டளை) கொடுத்தால் ஒவ்வொரு ஒற்றலைச் சுற்றியும் மங்கலாக ஒரு சதுரம் விழும். வெளிச்சம், இருட்டைத் திருத்தும் லெவல்ஸில் வெள்ளைப் பக்க முக்கோணத்தை இழுத்துத் தாளைச் சுத்தமாக வெளுத்துவிட்டு அப்புறம் கொடுங்கள். முனை 2500 பிக்சலுக்கு மேல் போக முடியாது.

ஒவ்வொரு அச்சையும் இஷ்டத்துக்குத் திருப்பிப் போடும் ஆங்கிள் ஜிட்டரை ஏற்றினால் ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழுவது தெரியாது. சுவர் நிஜமாகவே காரை உதிர்ந்த மாதிரி வந்தது. வாசல் கோலத்துக்குத் தனிப் பிரஷ்ஷே தேடவில்லை. சாதா வட்டப் பிரஷ், ஸ்பேசிங் (அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 25 சதவீதத்திலிருந்து 300-க்கு. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் வரிசையாகப் புள்ளி. என் வீட்டில் யாருக்கும் இவ்வளவு நேராகப் புள்ளி வராது!

இரண்டு எச்சரிக்கை. மேலே ஆப்ஷன் பாரில் உள்ள பிரஷர் பட்டன்கள் அமுங்கியிருந்தால், பேனலில் நீங்கள் போட்டதை அவை மீறிவிடும். பிரஷ்ஷை மாற்றியமைத்ததும் புதிய பிரீசெட்டாகச் சேமித்துவிடுங்கள், வேறு பிரஷ்ஷைத் தொட்டால் எல்லாம் போய்விடும்.

கடைசியில் நார் பிரஷ்ஷை ஏபிஆர் கோப்பாக (ஃபோட்டோஷாப்பின் பிரஷ் கோப்பு), கிரிட்டா என்ற வேறு வரைமென்பொருளில் வரையும் நண்பருக்கு அனுப்பினேன். முனையின் வடிவம் மட்டும் போய்ச் சேர்ந்தது, ஜிட்டர், ஸ்பேசிங் எதுவும் போகவில்லை. பேனலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், அதைப் பார்த்து அவரே அங்கே போட்டுக்கொண்டார்.