கருப்பட்டி வீடு மாறிய கதை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் மூன்று தங்கமீன்கள். கண் இரண்டும் பிதுங்கி நிற்கிற கறுப்பு மீனுக்குக் கருப்பட்டி என்று பெயர். மற்ற இரண்டுக்கும் பெயர் வைக்கவில்லை. போன வருஷம் ஆசையாகப் பெயர் வைத்த இரண்டும் செத்துப்போனதால் வந்த பயம்.

அது என் தப்புதான். தொட்டியைப் பளிச்சென்று ஆக்குகிறேன் பேர்வழி என்று மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவினேன். நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஸ்பாஞ்சில் பழுப்பாக வழவழவென்று இருந்ததை அழுக்கு என்றுதான் நினைத்தேன். கழிவில் வரும், மீனுக்கு விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா குடியிருந்ததே அங்கேதானாம். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைத் தீர்த்துக்கட்டிவிட்டது.

இப்போது வாங்கியது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேலே மூன்று அங்குலம் விட்டு நிரப்பினால் 160 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீர் மட்டுமே 160 கிலோ. மரப் பெஞ்சை நம்பாமல் இரும்பு ஸ்டாண்டு அடித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தெர்மாகோல் விரித்து, அதன்மேல் தொட்டி.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பழைய தொட்டி ஆற்றுத் தண்ணீரிலேயே ஓடியது, அதனால் இதற்கும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர்தான். டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு இரண்டு நாள் வைத்தேன். “குடிக்கத் தண்ணி பிடிக்காம மீனுக்குப் பிடிக்கியால?” என்று ஆச்சி இரண்டு நாளும் ஏசினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம் என்று முந்தின நாளே தீனியை நிறுத்திவிட்டேன். காலையில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் தொட்டியில் 28 டிகிரி, முற்றத்து வெயிலில் நின்ற டிரம்மில் 32. சரி, அவசரம் வேண்டாம் என்று டிரம்மை நிழலுக்கு இழுத்துவிட்டுச் சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

முதலில் பழைய தண்ணீர் 40 லிட்டரைப் புதுத் தொட்டிக்கு மாற்றினேன். பழைய ஸ்பாஞ்சைக் கழுவாமல் அப்படியே அதில் வைத்து, பக்கத்திலேயே புது ஸ்பாஞ்ச் ஒன்றும் வைத்து ஓடவிட்டு, மீதியை டிரம் தண்ணீரால் நிரப்பினேன். மீன்களைப் பழைய தண்ணீர் இருந்த வாளிக்குள் விட்டேன். வலை போட்டுப் பிடித்தால் கருப்பட்டியின் கண்ணில் உரசிவிடும். பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, அதுவாக நுழையும் வரை கையை அசைக்காமல் இருந்தேன். முழங்கை மரத்துப்போனது.

ஏர் டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டால் சொட்டுச் சொட்டாக விழும். அப்படிப் புதுத் தண்ணீரை வாளியில் விட்டேன். வாளித் தண்ணீர் இரண்டு மடங்காக முக்கால் மணி நேரம் ஆனது. அதன்பிறகுதான் தொட்டிக்குள் விட்டேன். விளக்கு போடவில்லை, அன்று தீனியும் இல்லை.

மூன்றாம் நாள் அம்மோனியா சோதித்தால், அது இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய சோதனைத் தண்ணீர் லேசாகப் பச்சையடித்தது. யோசித்துப் பார்த்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பழைய கூழாங்கல்லில் பாதியை வெளியே எடுத்து வைத்திருந்தேனே! பாக்டீரியா அதிலும்தானே இருந்திருக்கும். கல் அதற்குள் காய்ந்துவிட்டதால் திரும்பப் போட்டும் பிரயோஜனமில்லை. தினம் மூன்று வாளித் தண்ணீர் மாற்றி, தீனியை ஒருவேளையாகக் குறைத்தேன். ஒன்பதாம் நாள் மஞ்சள். பத்தாம் நாளும் மஞ்சள்.

முதல் வாரம் மூன்றும் ஸ்பாஞ்ச் இருந்த மூலையை விட்டு நகரவே இல்லை. இப்போது கருப்பட்டி மட்டும் அந்தக் கடைசி வரை போய்வருகிறது. பழைய ஸ்பாஞ்சை இன்னும் ஒரு மாதத்துக்கு எடுக்கப்போவதில்லை. பழைய தொட்டியைப் புதிதாக வாங்குகிற மீனைத் தனியே வைத்துப் பார்க்க வைத்துக்கொண்டேன். இடத்தை அடைக்கிறது என்று ஆச்சிக்குத்தான் கோபம்.