சாப்பா நாட்குறிப்பு

8 செப்டம்பர் 2019, ஞாயிறு. ஹனோய்

பெட்டியைத் திறந்ததும் மேலாக இரண்டு மழைக்கோட்டு. நீலம் என்னுடையது, சிவப்பு அக்காவுடையது. சிவப்புதான் தாங்கும், அதையே போட்டுக்கொள் என்று வாசல்வரை வந்து சொன்னாள். ஆட்டோ ஏறும்போது யாரும் அழக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். அழவில்லை.

வெள்ளிக்கிழமை சொல்வார்களாம்.

9 செப்டம்பர், திங்கள். சாப்பா

வடக்கு வியட்நாமின் மலையூர் இது. படுத்துக்கொண்டே வரும் பேருந்து. முன்பெல்லாம் லாவ் காய் வரை ராத்திரி ரயில்தான், எட்டு மணி நேரம். 2014இல் விரைவுச்சாலை போட்ட பிறகு ஐந்தாறு மணி நேரத்தில் சாப்பாவுக்கே வந்துவிடலாம். லாவ் காய் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், காது அடைத்தது. ஊர் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பார்க்கும் இடமெல்லாம் கட்டடம் எழுப்புகிறார்கள். பான்சிபான் சிகரம் மேகத்துக்குள் இருந்தது.

அறையில் இரண்டு கட்டில். பதிவை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் பையை வைத்திருக்கிறேன்.

10 செப்டம்பர், செவ்வாய். தா வான்

கால் வலி. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

வழிகாட்டி கருப்பு மோங் இனத்துப் பெண், இருபத்துநான்கு வயது. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறாள், ஆனால் எழுதத் தெரியாது. சின்ன வயதிலிருந்து பயணிகள் கூடவே நடந்து நடந்து காதால் பிடித்த பாஷை. ஓட்டல் வாசலில் இருந்து கிளம்பும்போதே கூடை சுமந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒரு பாட்டி என் பக்கமாக வந்தாள். எழுபது இருக்கும். முழங்கால் வரை கருநீலப் பட்டி சுற்றி, ரப்பர் செருப்பு.

நேற்று மழை பெய்திருக்கிறது. யீ லின் ஹோ இறக்கத்தில் சிவப்புச் சேறு, வழுக்கு மரம் மாதிரி. பாட்டி ஒன்றும் கேட்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இரண்டு கையும் மணிக்கட்டு வரை நீலம். நகக்கண்ணிலும் நீலம். மேடு வந்தால் என் கையை விட்டுவிடுவாள். விட்ட மறுகணம் அந்தக் கைகள் வேலையைத் தொடங்கிவிடும்: இடுப்பில் ஒரு கட்டு நார், ஒரு நாரின் நுனியை அடுத்ததன் நுனியோடு வைத்துக் கட்டைவிரலால் ஒரு திருகு, பிறகு உள்ளங்கையில் சுற்று. முடிச்சே கிடையாது. பார்க்காமலே செய்கிறாள். சணல் என்று நினைத்தேன். கஞ்சா இனத்துச் செடியாம், நூலுக்காக வளர்ப்பது. வழியெல்லாம் நூற்றபடிதான் நடந்தாள்.

முவோங் ஹோவா பள்ளத்தாக்கு முழுக்க படிக்கட்டு வயல். பாதி அறுத்தாயிற்று, பாதி நின்று பழுத்திருக்கிறது. பெரிய மரப்பெட்டியின் உட்புறத்தில் கதிரை ஓங்கி அடிக்கிறார்கள். அந்தச் சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்புகிறது. குளிரால் வருடத்துக்கு ஒரே போகம்.

லாவ் சாய் ஊரில் மதியச் சாப்பாடு. அங்கேதான் பாட்டி கூடையை இறக்கினாள். பை, வளையல் எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு துணி. மெழுகால் கோலம் போட்டுத் தோய்த்தது, ஓரத்தில் குறுக்குத் தையல். அக்கா சொன்ன மாதிரி திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தம், ஒரு நூல் தொங்கவில்லை. ஐந்து லட்சம் டாங் என்றாள். நம் காசில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம். மூன்று என்றேன். நான்கு என்றாள். சந்தைக்குத்தானே போகிறோம், அங்கே நிறைய இருக்கும் என்று தோன்றியது. நாளைக்கு என்றேன். “நாளைக்கு?” என்று சுண்டுவிரலை நீட்டினாள். நானும் கோத்தேன்.

சாயங்காலம் வழிகாட்டிப் பெண் சொல்கிறாள்: அவர்கள் லாவ் சாய் தாண்டி வர மாட்டார்கள். பாட்டியின் ஊர் ஹாவ் தாவ், திரும்பிப் போயாயிற்று.

11 செப்டம்பர், புதன். தா வான்

மூங்கில் காடு, ஜியாங் தா சாய் அருவி, மழை. சிவப்பு மழைக்கோட்டு தாங்கியது.

மழைக்கு ஒரு மோங் வீட்டில் ஒதுங்கினோம். வாசலில் சாயப் பீப்பாய். இலையை ஊறவைத்து, பிழிந்து எடுத்துவிட்டு, சுண்ணாம்பு போட்டு அடிக்க வேண்டுமாம். எங்கள் பக்கத்து அவுரி வேறு செடி, வேலை ஏறக்குறைய இதேதான். அந்த அம்மா துணியைத் தூக்கினபோது பச்சையாக இருந்தது. காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறியது. தோய்த்து, உலர்த்தி, மறுபடி தோய்த்து, வாரக்கணக்கில். இதற்கா நான் மூன்று லட்சம் என்றேன்?

தங்கியிருப்பது ஸாய் இனத்தார் வீடு. வீட்டுக்காரப் பெண் என்னை “சி” என்று கூப்பிடுகிறாள். வியட்நாமிய மொழியில் அக்கா என்று அர்த்தமாம். கேட்டதும் எழுந்து வெளியே போய் நின்றேன்.

12 செப்டம்பர், வியாழன். சாப்பா

தா பின் கிராமம். சிவப்புத் தாவோ இனத்துப் பெண்கள், புருவம் மழித்து, தலையில் சிவப்புத் துணிக் கட்டு. மரத்தொட்டியில் மூலிகைத் தண்ணீர், கழுத்து வரை உட்கார வேண்டும். நல்ல சூடு, பட்டை வாசனை. மூட்டு வலி விட்டுப்போயிற்று. பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். அக்கா என்றால் ஒரு மணி நேரம் இருந்திருப்பாள்.

தூக்கம் இல்லை. அந்தப் பேரத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு லட்சம் டாங் என்பது முந்நூறு ரூபாய். நான் கொடுக்காமல் விட்டது முந்நூறு ரூபாய். ஐந்து மணி நேரம் அவள் என் கையைப் பிடித்து வந்ததற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. அதற்கான கூலியையும் சேர்த்துத்தான் துணிக்கு விலை வைத்திருப்பாள். அது அந்த ஊர் வழக்கம், எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வாங்காமல் விட்டதுகூடப் பரவாயில்லை. விரலைக் கோத்தேனே. அக்கா ஒரே ஒரு பொருள்தான் கேட்டாள்: கையில் நெய்தது, கையில் தோய்த்தது, மெஷின் வேண்டாம். நாற்பது வருடம் துணியோடு புழங்கியவள். கையில் எடுத்ததும் சொல்லிவிடுவாள். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். ஹாவ் தாவில் அந்த வயதில் பாட்டிகள் நிறைய என்றாள். பெயர் கேட்டீர்களா? கேட்கவில்லை.

13 செப்டம்பர், வெள்ளி

பௌர்ணமி. இங்கே இலையுதிர்கால நடுத் திருவிழா, பிள்ளைகள் விளக்கு பிடித்துக்கொண்டு தெருவில் போகிறார்கள். நிலவைப் பார்த்தால் சந்திரயான்-2இன் விக்ரம் ஞாபகம் வருகிறது. இன்னும் சிக்னலுக்காகக் காத்திருக்கிறார்களாம்.

அக்கா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

14 செப்டம்பர், சனி. பாக் ஹா

விடியுமுன் கிளம்பி கான் காவ் சந்தை. மலைச்சரிவில் எருமைகள். நம் மாட்டுச் சந்தையேதான்: பல் பிடித்துப் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், எதுவும் பேசாமல் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். நல்ல எருமை மூன்று நான்கு கோடி டாங், லட்சம் ரூபாய் வாக்கில். ஒரு கிழவர் விற்றுவிட்டுக் கயிற்றைக் கொடுத்தார். எருமை அவர் பின்னாலேயே திரும்பியது. வாங்கினவன் இரண்டு முறை இழுத்தும் நகரவில்லை. கிழவரே பாதித் தூரம் கூட நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார்.

15 செப்டம்பர், ஞாயிறு. பாக் ஹாவிலிருந்து திரும்பும் வண்டியில்

பெரிய சந்தை. பூ மோங் பெண்கள் அத்தனை நிறத்தையும் உடுத்தி வருகிறார்கள். அண்டாவில் தாங் கோ கொதிக்கிறது, குதிரை இறைச்சி, நான் பக்கத்தில் போகவில்லை. பிளாஸ்டிக் கேனில் சோளச் சாராயம், மூடியில் ஊற்றி ருசி பார்த்து வாங்குகிறார்கள்.

துணிக்கடைகளில் மூன்று மணி நேரம். ஒன்று விடாமல் பார்த்தேன். கொசுவின பாவாடைகள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும் பாலியெஸ்டர், கோலம் அச்சிட்டது. திருப்பினால் பின்பக்கம் வெள்ளை. அந்தப் பெண்களே அதைத்தான் வாங்குகிறார்கள். லேசாக இருக்கும், துவைத்தால் உடனே காயும். வருடம் முழுக்க நார் திரித்துக் கொண்டிருக்க அவர்களுக்கு மட்டும் என்ன தலையெழுத்து? அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அது இங்கே இல்லை.

பதினொன்றரைக்கு அக்கா. வாத்துக் கூண்டுகளுக்கு நடுவில் நின்று பேசினேன். சாப்பிட்டியா, கால் எப்படி இருக்கு, சரியாத் தூங்குறியா. நான் கேட்க வாயெடுத்தேன், அதற்குள்: “துணி கெடச்சுதா? பின்பக்கம் பாத்தியாடி?”

பார்த்தேன்க்கா என்றேன். அது பொய் இல்லை.

அப்புறம் கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. வாத்துகள்தான் கத்தின. “நீ வா, வந்ததும் பேசிக்கலாம்” என்றாள்.

16 செப்டம்பர், திங்கள், காலை 5.40. சாப்பா

ஹனோய் வண்டி எட்டு மணிக்கு. நேற்று ராத்திரியே ஐந்து லட்சத்தை எண்ணித் தனியாக மடித்து வைத்தாயிற்று.

ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டார்கள். தேவாலயத்துப் படியில் பத்துப் பன்னிரண்டு பேர், கூடைகளைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு. மூடுபனியில் முகம் தெரியவில்லை, எல்லாரும் ஒரே கருநீலம். ஓரத்தில் ஒருத்தியின் கைகள் மட்டும் நிற்காமல் எதையோ திரித்துக்கொண்டிருக்கின்றன.

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குகிறேன்.