துணிக்குப் புள்ளி, விளையாட்டுக்கு மதிப்பெண்

திருப்பூரில் துணிச் சோதனை மேசையின் முன் நின்று பழகியவர்களுக்கு நான்கு புள்ளி முறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் விளக்கு எரியும் மேசையின் மேல் துணி ரோல் மெதுவாக ஓடும். குறை கண்ணில் பட்டதும் நிறுத்தி அளக்க வேண்டும். குறையின் நீளம் 3 அங்குலத்துக்குள் இருந்தால் 1 புள்ளி, 6 அங்குலத்துக்குள் 2, 9 அங்குலத்துக்குள் 3, அதையும் தாண்டினால் 4. ஓட்டைக்குக் கணக்கு தனி: ஓர் அங்குலம் வரை 2, அதற்கு மேல் 4. நூறு சதுர கஜத்துக்கு 40 புள்ளிகளைத் தாண்டிய ரோலைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக நான் போட்டு வரும் கணக்கு இது. இரவில், வீட்டில் எல்லோரும் உறங்கிய பின், வீடியோ கேம் ஆடுகிறேன். ஆடும் நேரத்தைவிட ஆட்டங்களைப் பற்றிய விமர்சனங்களைப் படிக்கும் நேரமே அதிகம் என்று மனைவி சொல்வது உண்மைதான்.

சென்ற மாதம் அவிநாசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காள் மகன், கோவையில் பழையதாக வாங்கிய ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியைக் கையோடு கொண்டுவந்திருந்தான். பேச்சு 2017இல் வெளியான 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' பக்கம் திரும்பியது. அந்த ஆட்டம் எனக்குச் சலித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு முகம் மாறிவிட்டது. "97 வாங்குன கேமுங்க மாமா. இத்தன பேரு நல்லாருக்குதுன்னு எழுதியிருக்கறாங்க, நீங்க மட்டும் எப்படிங்க இல்லைங்கறீங்க?" என்றான். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. பிள்ளை ஊருக்குப் போன பிறகு யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 97 எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். 2001இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் தளம் பல இதழ்களும் தளங்களும் தரும் மதிப்பெண்களைத் திரட்டி, நூற்றுக்கு மாற்றி, சராசரி எடுக்கிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தவரின் கருத்து அங்கே 80 ஆகிவிடும். ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நான்கு பேர் தலைக்குப் பத்து வீதம் போட்டு நாற்பதுக்குக் கணக்கிடுவார்கள்; 1998இல் வந்த 'ஒகரினா ஆஃப் டைம்' அவர்களிடம் முதன்முதலாக முழு நாற்பதையும் வாங்கியது, மெட்டாகிரிட்டிக்கில் 99உடன் இன்றும் உச்சியில் இருக்கிறது. எல்லா இதழ்களுக்கும் அங்கே ஒரே எடை இல்லை; எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்பதைத் தளம் வெளியிடுவதும் இல்லை. எங்கள் தொழிலில் ஒருவர் இப்படி ஓர் ஆய்வறிக்கையை அனுப்பினால், பையர், அதாவது துணி வாங்கும் நிறுவனத்தார், அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த எண்ணை வைத்துப் பணமும் கைமாறியிருக்கிறது. 2010இல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' ஆட்டத்தை உருவாக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால்தான் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்ததாகவும், வந்தது 84 என்றும் அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஒருவரே 2012இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு புள்ளி. அது யார் போட்ட புள்ளி, எந்தக் குறைக்குப் போட்டது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது என்பதுதான் இதில் எனக்கு உறுத்துகிறது.

துணியில் புள்ளி செல்லுபடியாவதற்குக் காரணம், ஓட்டை ஓட்டைதான் என்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சச்சரவு இல்லாததுதான். விளையாட்டில் அந்த உடன்பாடே கிடையாது. 'பிரெத் ஆஃப் த வைல்ட்' ஆட்டத்தில் வாளோ ஈட்டியோ கோடரியோ ஏறக்குறைய எதுவானாலும் சில அடிகளுக்குப் பின் உடைந்து போகும். பெரும்பாலான விமர்சகர்கள் இதைப் பாராட்டினார்கள். ஒரே ஆயுதத்தைக் கட்டிக்கொண்டு அழாமல், கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்க ஆட்டம் நம்மைப் பழக்குகிறது என்பது அவர்கள் வாதம். புல்லில் தீ வைப்பது, பாறையை உருட்டிவிடுவது, எதிரியின் ஆயுதத்தையே பறிப்பது எல்லாம் வாள் உடைவதால்தான் நடக்கின்றன என்று விளக்கினார்கள். வாதம் வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு விமர்சகர் மட்டும், இதே ஆயுத உடைசலை முக்கியக் குறையாக எடுத்துச் சொல்லி, பத்துக்கு ஏழு கொடுத்தார். சராசரி 98இலிருந்து 97க்கு இறங்கியது. கோபம் கொண்டவர்கள் அவருடைய தளத்தையே முடக்கும் அளவுக்குப் போனார்கள். ஏழு என்பது 'நன்று' என்று பொருள்படும் மதிப்பெண் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த ஏழு மதிப்பெண் விமர்சனம்தான் பயன்பட்டது, அதுவும் ஆட்டத்தை வாங்கிய பிறகு. முன்பே படித்திருந்தால் இரவல் வாங்கி ஆடியிருப்பேன். வேலையில் நாள் முழுவதும் பழுதான ஊசியைத் தேடிக்கொண்டிருப்பவனுக்கு, இரவிலும் கையில் இருப்பது உடைந்துகொண்டே இருந்தால் ஓய்வாக இருப்பதில்லை. இது ஆட்டத்தின் குற்றம் இல்லை. ஆனால் எது உடைகிறது, எத்தனை முறை, அதனால் ஆடுபவர் என்ன செய்ய நேர்கிறது என்று அந்த விமர்சகர் தெளிவாக எழுதியிருந்தார். அவருக்கு எதிரான ரசனை உடையவர்கூட அதைப் படித்துவிட்டு, 'இது எனக்குத்தான்' என்று கடைக்குப் போகலாம். ஆகவே நான் விமர்சனங்களில் முதலில் தேடிப் படிப்பது குறை சொல்லும் பத்தியைத்தான். பாராட்டு வரிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். குறையை எழுதும்போதுதான் விமர்சகர் எங்கே நின்று பார்த்தார் என்பது தெரியவரும்.

2019இல் வந்த 'டெத் ஸ்ட்ராண்டிங்' இதற்கு நல்ல உதாரணம். முதுகில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு மலையிலும் ஆற்றிலும் தடுமாறாமல் நடந்து சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆட்டம். ஃபாமிட்சு நாற்பதுக்கு நாற்பது கொடுத்தது. ஐஜிஎன் தளம் பத்துக்கு 6.8 போட்டது. இரண்டையும் படித்தால் இரண்டு விமர்சகர்களும் அதே நடையைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது விளங்கும். ஒருவருக்கு அது தவம், மற்றவருக்குக் கூலி வேலை. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரியோடு பிழைப்பவர்கள் வீட்டில் பிறந்த பையன்கள் யாராவது இதைப் பற்றி எழுதியிருந்தால் நான் மிகவும் ஆவலாகப் படித்திருப்பேன். திகில் வகையில் 2014இல் வந்த 'ஏலியன்: ஐசோலேஷன்' ஐஜிஎன்னிடம் பத்துக்கு 5.9 வாங்கியது, பிசி கேமர் இதழிடம் நூற்றுக்கு 93. ஒளிந்துகொண்டு மூச்சை அடக்கிக் காத்திருப்பது ஆட்டமா, ஆட்டத்துக்கு இடையூறா என்ற ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள். இன்று அந்த வகையில் சிறந்தவற்றைப் பட்டியலிடுபவர்கள் அதை விடுவதில்லை.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விஷயத்தில் 97க்குள் ஒளிந்திருந்த முணுமுணுப்பு எனக்குச் சுவாரசியமாக இருந்தது. 2018இல் அதைக் கொண்டாடிய பலரே, வெளியே குதிரையில் திரியும்போது கிடைக்கும் சுதந்திரம் கதைப் பணிகளுக்குள் நுழைந்ததும் காணாமல் போவதையும், சொன்ன பாதையை விட்டு விலகினால் பணி தோற்றுவிடுவதையும் எழுதியிருந்தார்கள். அது சரியான குறை. ஆனால் அவர்களில் எவரும் குறையாகச் சொல்லாத ஒன்று எங்கள் வீட்டில் பெரிய குறையாக இருந்தது: கணினியில் அதற்கு 150 ஜிபி இடம் வேண்டும், அதை இறக்க எங்கள் பகுதி இணைய இணைப்பில் நான்கு இரவுகள் ஆயின.

எங்கள் தொழிலோடு நேராகப் பொருந்தும் கதை 'சைபர்பங்க் 2077'. பையருக்கு ஒப்புதலுக்காகத் தரும் சாம்பிளை நாங்கள் பார்த்துப் பார்த்துத் தைப்போம். பெட்டியில் போகும் பத்தாயிரம் உருப்படிகளும் அதுபோலவே இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. 2020 டிசம்பரில் அந்த ஆட்டம் வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே தரப்பட்டது. முதல் விமர்சனங்களில் அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சிகளைக் காட்டவும் அனுமதி இல்லை. பாராட்டு குவிந்தது. பிறகு பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் வாங்கியவர்கள் போட்டுப் பார்த்தால் முகங்கள் உருவாகவில்லை, வண்டிகள் மறைந்தன, ஆட்டம் பாதியில் நின்றது. சில நாட்களிலேயே சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கிவிட்டது. மறுபடி விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில். மெட்டாகிரிட்டிக்கில் கணினிப் பதிப்புக்கு 86, பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு 57. தனக்குத் தந்த சாம்பிளை மட்டும் பார்த்து முழு லாட்டுக்கும் கையெழுத்துப் போட்ட ஆய்வாளரை நான் கண்டிப்பேன். அதே சமயம், 'நான் பார்த்தது கணினிப் பதிப்பை மட்டும், மற்றவை எப்படி இருக்கும் என்று சொல்ல இயலாது' என்று முதல் பத்தியிலேயே எழுதிய விமர்சகர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அந்த ஆட்டம் பின்னர் பல திருத்தங்கள் கண்டு, 2023இல் வந்த 2.0 திருத்தத்துக்குப் பின் நல்ல பெயர் எடுத்துவிட்டது. முதல் மதிப்பெண்ணோ அப்படியேதான் நிற்கிறது.

நேரமும் ஒரு சிக்கல். 2023 ஆகஸ்டில் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' நூறு மணி நேரத்தைச் சாதாரணமாக விழுங்கும் ஆட்டம். பல இதழ்கள் உடனே மதிப்பெண் போடாமல், இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று இடைக்கால விமர்சனம் எழுதின. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் பகுதியில் ஆட்டத்தின் வேகம் தடுமாறுவதைப் பொறுமையாக அதுவரை ஆடியவர்கள்தான் எழுத முடிந்தது.

மொழியும் அப்படித்தான். எஸ்தோனியர்கள் உருவாக்கிய 'டிஸ்கோ எலிசியம்' 2019இல் வந்தபோது, சண்டையே இல்லாத பாத்திரமேற்பு ஆட்டம் என்று விமர்சகர்கள் வியந்தார்கள். நினைவிழந்த துப்பறிவாளனின் மண்டைக்குள் 24 திறன்கள் தனித்தனிக் குரல்களாகப் பேசும். பத்து லட்சத்துக்கும் அதிகமான சொற்கள். எழுத்தின் அழகைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தைப் பையரின் மின்னஞ்சல்கள் மூலம் கற்றுக்கொண்ட என்னைப் போன்றவனுக்கு அந்த எழுத்து எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் எழுத வாய்ப்பில்லை. 2021இல் எல்லா வசனங்களுக்கும் குரல் சேர்த்து வந்த பதிப்பு 91இலிருந்து 97க்கு உயர்ந்தது. எனக்கும் அந்தக் குரல்கள் வந்த பிறகுதான் ஆட்டம் திறந்துகொண்டது. எண் ஏறியதும் என் அனுபவமும் ஒத்துப்போன அபூர்வமான சந்தர்ப்பம் அது.

ஆடுபவர்களே போடும் மதிப்பெண்ணை நம்பலாமே என்பார்கள். 2020 ஜூனில் 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2' வெளியான முதல் நாளே, முடித்துப் பார்த்திருக்கவே முடியாதவர்கள் பூஜ்யங்களாகக் கொட்டினார்கள். அடுத்த மாதம் மெட்டாகிரிட்டிக், வெளியாகி 36 மணி நேரம் கழித்தே வாசகர் மதிப்பெண் என்று விதி கொண்டுவந்தது. மறுபக்கம், 2012இல் வந்த, லாரி ஓட்டும் ஆட்டமான 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விமர்சகர்களிடம் வாங்கியது 79தான். எங்கள் பக்கத்துப் பையன்கள் கோவை, பொள்ளாச்சி தனியார் பேருந்துகளின் வண்ணத்தையும் ஹாரனையும் அதில் ஏற்றி, விடிய விடிய ஓட்டுகிறார்கள். அந்த 79இல் இது இல்லை, இருக்கவும் முடியாது.

கடைசியாக 'வெண்பா'. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பத்தைப் பற்றி டொரண்டோவில் உருவான சமையல் ஆட்டம், 2023இல் வந்து, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக ஆட்ட விருதைப் பெற்றது. விமர்சகர்கள் அன்போடு வரவேற்றார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன குறை, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதுதான். அந்தக் குறையைப் படித்ததும்தான் அதை அம்மாவோடு சேர்ந்து ஆடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவரால் அதற்கு மேல் திரையைப் பார்க்க முடியாது.

அந்தக் குடும்பத்துத் தாய் சமைப்பதில் முதல் புதிர் இட்லி. கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு, மேல்தட்டின் குழி கீழ்த்தட்டு இட்லியின் மேல் உட்காராதபடி தட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும், அப்போதுதான் ஆவி எல்லாவற்றுக்கும் போகும். பல விமர்சகர்கள் இந்த இடத்தில் ஒருமுறை தோற்றுப்போய் மகிழ்ந்ததாக எழுதியிருந்தார்கள். அம்மா மூன்று நொடியில் விரலை நீட்டிக் காட்டிவிட்டார். பிறகு முகத்தைச் சுளித்தார். எங்கள் வீட்டில் இன்றும் தட்டில் துணி விரித்துத்தான் மாவு ஊற்றுவது வழக்கம்.

"ஏங்கண்ணு, துணி போடாம ஊத்தறாளே, எடுக்கறப்ப அடியில ஒட்டாதா?" என்றார்.

எண்ணெய் தடவிய குழித்தட்டு என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இத்தனை விமர்சனங்கள் படித்தும் துணி இல்லாத குறையை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. துணியோடு பிழைக்கும் நானும் கவனிக்கவில்லை. அடுத்து என்ன செய்வாள் என்று கேட்டார். புட்டு என்றேன். "அது நம்மூட்டுல செய்யறதில்ல. செரி, எப்படிப் பண்றான்னு பாக்கலாம்" என்று நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.