எழும் நேரத்தைப் பிடி: டெல்டாவில் ஒரு தூக்க நாட்குறிப்பு

மே 6, 2025

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, எங்கே கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு வரை புரள வேண்டியிருக்கிறது.

தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். கை, கால் தோலுக்கு ரத்தம் அதிகமாகப் பாய்ந்து, அங்கிருந்து சூடு வெளியேறுவதால்தான் அது இறங்குகிறது. நம் காங்கிரீட் வீடுகளில் சிக்கலே இங்கேதான். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் அந்தச் சூட்டை உடனே இறக்காது. சில மணி நேரம் கழித்து, சரியாக நாம் பாய் விரிக்கும் நேரத்தில், மெதுவாக அறைக்குள் விடும். மின்விசிறி அந்தச் சூட்டையே கீழே தள்ளிக்கொண்டிருக்கும்.

மொட்டைமாடியில் தென்னங்கீற்று பரப்புவதுதான் நம் ஊருக்குச் சுலபமான வழி. தளத்தின் மேல் நேராகப் போடக் கூடாது. செங்கல்லோ மூங்கிலோ வைத்து ஒரு சாண் உயர்த்தி, அதன் மேல் பரப்பினால் இடையில் காற்று ஓடும். கைப்பிடிச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டிவிட வேண்டும், கோடை மழைக் காற்று ஒன்று போதும், அடுத்த வீட்டுக் கொல்லையில் கிடக்கும். கீற்று இல்லாதவர்கள் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தளத்தில் தண்ணீர் தெளிக்கலாம். தேக்கி வைக்க வேண்டாம். நனைய வேண்டும், காய வேண்டும், திரும்ப நனைய வேண்டும். ஆவியாகிற தண்ணீர்தான் சூட்டை எடுத்துப் போகிறது.

மேற்குப் பக்க ஜன்னல் காலை பத்திலிருந்து சாயங்காலம் வரை மூடியே இருக்கட்டும். பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்து, டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் அறைச் சூடு வெளியே போகும், எதிர் ஜன்னல் வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். படுக்கும்போது ஃபேனைத் திருப்பிக்கொள்ளலாம்.

குளியல்: படுப்பதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னால், வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிடம். ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அந்த நேரத்துக்குச் சுகம். ஆனால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்சூடு உள்ளேயே நின்றுவிடும். மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே பதமாக இருக்கும், ஹீட்டர் தேவையில்லை.

மே 9

காப்பி. கும்பகோணத்துக்காரரிடம் இதைப் பேசுவது வம்புதான், இருந்தாலும் பேசியாக வேண்டும். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்தாறு மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் என்றால் இரவு பதினொன்றுக்கு அதில் பாதி இன்னும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் தாமதமாகும். கடைசிக் காப்பி பகல் இரண்டு மணிக்குள் முடியட்டும். சிக்கரியில் கஃபீன் கிடையாது. சிக்கரி கூடுதலாகக் கலந்த தூளில் அந்த அளவுக்குக் கஃபீன் குறையும். சாயங்காலப் பழக்கத்தை ஒரேயடியாக விட முடியாதவர்கள் முதலில் டிகாக்‌ஷனைப் பாதியாக்கிப் பாலைக் கூட்டலாம். திடுமென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலி வரும், பயப்பட ஒன்றுமில்லை.

காப்பியை விட்டும் தூக்கம் வரவில்லை என்கிறவர்களின் வெற்றிலைப் பெட்டியைப் பார்க்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் சீவல் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். பாக்கே ஊக்கப்பொருள், கூடவே புகையிலை சேர்ந்தால் நிகோட்டினும் விழிப்பைத் தூண்டும். புகையிலையை அடக்கி வாயில் வைத்துக்கொண்டே படுக்கிறவர்களும் உண்டு. வாய்ப் புற்றுநோய் என்ற பெரிய ஆபத்து ஒரு பக்கம் இருக்க, தூக்கம் கெடுவதற்கும் இது ஒன்றே போதும்.

மே 15

இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க நேரம் உண்டு என்றால், இது.

எப்போது தூங்குவது என்பது நம் கையில் இல்லை. எப்போது எழுவது என்பது இருக்கிறது. ஆகவே எழும் நேரத்தைப் பிடியுங்கள். ஐந்தரை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரை, கல்யாண வீட்டுக்குப் போய் நள்ளிரவில் திரும்பிய மறுநாளும் ஐந்தரை. எழுந்ததும் வாசலுக்கு வந்துவிட வேண்டும். இந்த மாதம் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. இருபது முப்பது நிமிடம் வெளி வெளிச்சத்தில் வாசல் தெளிக்கலாம், கோலம் போடலாம், வாய்க்கால் கரையில் நடக்கலாம். நன்றாக விடிந்த வெளியில் பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும், டியூப் லைட் போட்ட கூடத்தில் சில நூறு தேறினால் அதிகம். மூளையின் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் ராத்திரி எப்போது என்று கணக்குப் போடுகிறது.

1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி சொன்ன விளக்கம் இன்றுவரை உதவுகிறது: தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று இந்தக் கடிகாரம். மற்றொன்று விழித்திருக்க விழித்திருக்கச் சேரும் தூக்கப் பசி. மடையை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிற மாதிரி அது ஏறும். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினால் மடையைத் திறந்துவிட்டதாகக் கணக்கு. பகலில் கண் சொக்கினால் மூன்று மணிக்கு முன், இருபது நிமிடம், அலாரம் வைத்துக்கொண்டு.

அடுத்தது படுக்கை. உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த முறை எளிது, செய்வதுதான் கஷ்டம். கண் சொருகும்போது மட்டும் படுப்பது. உடம்பு அசதியும் தூக்கமும் வேறு வேறு. களைப்பாக இருக்கிறது என்பதற்காக ஒன்பது மணிக்கே போய் விழுந்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது, சீரியல் பார்ப்பது, நெல் கணக்கு எழுதுவது, வீட்டுச் சண்டையைப் பேசி முடிப்பது, எதுவும் கூடாது. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். திண்ணையோ ரேழியோ, மங்கலான விளக்கில் உட்கார்ந்து கீரை ஆய்வது, துணி மடிப்பது மாதிரி சலிப்பான வேலை ஏதாவது. கண் சொருகினால் திரும்ப வரலாம். வராவிட்டால் திரும்ப எழுவது. ஒரே இரவில் நாலைந்து தடவைகூட ஆகலாம்.

ஒற்றை அறை வீடுகளில் வேறு இடத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்காருங்கள். படுக்கை என்ற அடையாளம் கலைந்தால் போதும். இந்த விஷயத்தில் கட்டிலைவிடக் கோரைப்பாய் வசதி.

மே 17

சுவர்க் கடிகாரம் படுத்த இடத்திலிருந்து கண்ணில் படக் கூடாது. இருபது நிமிடம் என்பதும் குத்துமதிப்புதான், பார்த்துப் பார்த்து எண்ணினால் அதுவே விழிப்பு. அலாரத்துக்குச் செல்பேசி வேண்டுமென்றால் கைக்கு எட்டாமல் பீரோவின் மேல் வைத்துவிடுங்கள்.

மே 27

எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்து ஆறு மணி நேரம்தான் தூங்குகிறவர்களுக்கு, தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் எழுதிய முறை. முதலில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: விளக்கணைத்த நேரம், தூங்கப் பிடித்த நேரம், நடுவில் விழித்திருந்த நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், கடைசிக் காப்பி. காலையில் மனக்கணக்காக எழுதினால் போதும்; ராத்திரி எழுதப் போனால் மறுபடி கடிகாரம் பார்க்க வேண்டி வரும்.

சராசரித் தூக்கம் ஆறு மணி நேரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி படுக்கைக்கும் ஆறு மணி நேரம்தான். ஐந்தரைக்கு எழ வேண்டும், ஆகவே பதினொன்றரைக்கு முன் பாய் விரிக்கக் கூடாது. வாரம் முடிந்ததும், படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கியிருந்தால் (ஆறு மணி நேரத்துக்கு 5 மணி 6 நிமிடம்) படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னே கொண்டுவரலாம். 80க்குக் கீழே என்றால் கால் மணி பின்னே. எப்படியும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது.

முதல் வாரம் பகலில் தள்ளாடும், அதில்தான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். அந்த நாட்களில் டிராக்டர், அறுவடை எந்திரம், ராத்திரி பைக் எதுவும் ஓட்டக் கூடாது. வலிப்பு நோய், மனநிலை ஏற்றத்தாழ்வு நோய் உள்ளவர்களும் தூக்கத்தில் நடக்கிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

ஜூன் 12

மேட்டூர் திறக்கும் நாள். தண்ணீர் வந்து சேர்ந்ததும் விவசாயியின் ராத்திரி அவருடையது இல்லை. முறை வைத்து விடும் தண்ணீருக்கும், மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரத்துக்கும் சொந்தம்.

ராத்திரி ஒரு மணிக்கு மடை திருப்பப் போக வேண்டியிருந்தால், போவதற்கு முன்பே ஒரு தூக்கம் போட்டுவிடுவது நல்லது. ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை என்றால் அந்த மூன்று மணி நேரம் எல்லா நாளும் மாறாமல் இருக்கட்டும். தினமும் மாறாத ஒரு பகுதி இருந்தால் மூளைக் கடிகாரம் அதைப் பற்றிக்கொள்ளும். வயலில் தலைவிளக்கைத் தரையைப் பார்த்துத் தாழ்த்திக்கொள்ளுங்கள், பாம்பிடமிருந்தும் அதுவே பாதுகாப்பு. திரும்பியதும் டீ வேண்டாம், செல்பேசி வேண்டாம், வெந்நீரில் கால் கழுவிவிட்டுப் படுத்துவிடுவது. ஐந்தரைக்கு எழ முடியாத நாளில் ஏழு வரை போகலாம், ஒன்பது வரை போகக் கூடாது. பாக்கியை மத்தியானக் குட்டித் தூக்கத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

செல்பேசியில் இயக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டால் மோட்டாருக்காக எழ வேண்டியதில்லை. தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிறுத்தும் அமைப்பும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மோட்டார் எரிந்துவிடுமோ என்ற கவலையிலேயே விழித்துக் கிடப்பீர்கள்.

ஜூன் 30

நடவு வயலில் தண்ணீர் நின்றால் கொசு. வலைக்குள் படுத்தால் புழுக்கம். வலை காற்றை நன்றாகவே மட்டுப்படுத்தும். கூரை மின்விசிறிக் காற்று மேல்துணியில் முட்டி நிற்கும், அதிலும் மேற்பக்கம் கெட்டித் துணியாகத் தைத்த வலை என்றால் ஒன்றும் இறங்காது. மேற்பக்கம் உட்பட ஐந்து பக்கமும் வலைத்துணியாக உள்ளதை வாங்கி, நான்கு மூலையும் இழுத்துக் கட்டி, பெடஸ்டல் ஃபேனைக் காலடிப் பக்கத்திலிருந்து வலைக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். வலை தொளதொளவென்று தொங்கினால் உடம்பில் ஒட்டும், கொசு வெளியிலிருந்தே கடிக்கும். ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுவது விளக்கணைப்பதற்கு முன்பே முடிய வேண்டும். கதவைச் சாத்திக் கொசுவர்த்தி கொளுத்தினால் புகையில் மூக்கடைத்துத் தூக்கம் அதனாலேயே கெடும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்வந்து மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்காமல் யாரால் இருக்க முடியும்? தூங்கிவிட்டால் இன்று ராத்திரி அரை மணி தாமதமாகப் படுங்கள். நாளை எழும் நேரத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

அக்டோபர் 28

அடைமழைக் காலம். வெயிலில்லாத காலையிலும் வெளி வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்குதான், தாழ்வாரத்தில் நின்றாலும் பலன் உண்டு.

மழைச் சத்தத்தில் மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும்: நாற்று மூழ்குமா, கடன் தவணை, பெண்ணின் காலேஜ் கட்டணம். படுப்பதற்குக் கொஞ்சம் முன் ஐந்து நிமிடம், நாளை செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கியதாக 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ‘வடிகால் பார்க்கணும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ‘ஆறு மணிக்கு மேலண்டை வடிகால் வாயில் அடைப்பு எடுக்கணும்’ என்ற மாதிரி எழுத வேண்டும்.

சளி மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதென்று தினமும் போடுகிற பெரியவர்கள் நிறைய. அந்த மாத்திரை வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். ஒரு கட்டிங் போட்டால் சீக்கிரம் கண் மூடும், பின்னிரவுத் தூக்கம் துண்டு துண்டாகும், குறட்டை கூடும். பாலில் ஜாதிக்காய் போடுவதானால் ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். டீஸ்பூன் கணக்கில் போனால் நஞ்சு.

டிசம்பர் 16

மார்கழி ஒன்று. நாலு நாலரைக்கெல்லாம் கோயில் ஒலிபெருக்கி. இந்த மாதம் அதோடு மல்லுக்கட்டாமல் முழு இரவையும் முன்னே நகர்த்திவிடலாம். படுப்பது, எழுவது, ராத்திரிச் சாப்பாடு மூன்றையும் தினம் கால் மணி முன்னே தள்ளினால் நாலு நாளில் ஒரு மணி நேரம் வந்துவிடும். சாப்பாடு ஏழு மணிக்குள், படுக்கை ஒன்பதுக்கு. சூரியன் வர ஆறரையை ஒட்டி ஆகும் என்பதால் கோலம் போட்டு முடித்ததும் மறுபடி போய்ப் படுக்கத் தோன்றும், அதற்கு இடம் கொடுத்தால் கணக்கு கலைந்துவிடும். பொங்கல் கழிந்ததும் அதே கால் மணிக் கணக்கில் பின்னே வரலாம்.

இவ்வளவு செய்தும் வாரத்தில் மூன்று ராத்திரி, மூன்று மாதமாகத் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். சத்தமான குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பவர்களும், படுத்ததும் கால் குடைந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறவர்களும் மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம், ரத்தப் பரிசோதனையில் தெரியும். சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலைக்கு மாற்றலாமா என்றும் கேட்டுவிடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.